காலை ஐந்து மணிக்கு எழுந்தேன்

1981ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அன்றாடம் என்ன செய்தோம் என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை காலையில் மேசையில் வைக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். அட்டையில் ‘தினக்குறிப்பு’ என்று எழுதினோம். அந்த நோட்டின் முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். இரண்டாவது வரி: பல் துலக்கி, கடவுளை வணங்கி, பாடம் படித்தேன். வகுப்பில் எல்லோர் நோட்டிலும் இதுவேதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரே மூச்சில் ஏழு நாளையும் எழுதி முடிப்போம். மை ஒரே மாதிரி இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று நடுவில் பேனாவை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. திங்கட்கிழமை சிவப்பு மையில் ஒரு ‘சரி’ விழும். அவ்வளவுதான்.

நான் உண்மையில் எழுந்தது மில் சங்கு ஊதும்போது. புதுச்சேரியின் உப்பளத்தில் எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கைக்கடிகாரம் கட்டியிருந்தவர் மூன்றாம் வீட்டு சொல்தா தாத்தா ஒருவர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். மற்றபடி முதலியார்பேட்டையில் சங்கு ஊதினால் உப்பளத்தில் அடுப்பு எரியும். ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் என்பது பலகையில் இருந்த பெயர். எங்கள் வாயில் அது ரோடியர் மில். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. எழுவது, சாப்பிடுவது, அப்பா தூங்கும் பகலில் சத்தம் போடாமல் இருப்பது எல்லாம் சங்கின் கணக்குத்தான். சங்கு ஒன்றைச் சொல்லும், நாங்கள் செய்வோம். அது யாரையும் எதுவும் கேட்டதில்லை.

நேரத்துக்காக ரத்தம் சிந்திய ஊர் இது. 1936 ஜூலை 30ஆம் தேதி, வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடிய மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். மறு வருஷமே, 1937இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். ‘எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி நம்முது’ என்பார். அந்த மூன்றாவது எட்டு மணியை நான் என்ன செய்கிறேன், அதில் எனக்கு எப்படி இருக்கிறது என்று அப்பாவும் கேட்டதில்லை, ஆசிரியரும் கேட்டதில்லை. அன்று பிள்ளைகளிடம் அப்படிக் கேட்பது வழக்கத்திலேயே இல்லை. அதனால் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வருத்தம் வேறொன்றில்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வம்பாக்கீரப்பாளையத்துப் பையன். அவன் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த வருஷம் அவன் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். இவன் சித்தப்பாவோடு கட்டுமரத்தில் போக ஆரம்பித்தான். எனக்குத் தெரியும். அவன் கையைப் பார்த்தாலே தெரியும். உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு, அதன் மேல் உப்பு ஏறி வெள்ளையாய் இருக்கும். முதல் பாடவேளையிலேயே தலை சாயும். தூங்கியதற்கு அடி வாங்குவான். அடிக்கு நீட்டுவதும் அதே கைதான். அவன் நோட்டிலும் ‘காலை ஐந்து மணிக்கு எழுந்தேன்’ என்றுதான் இருக்கும். நாங்கள் ஆறு மணிக்கு எழுந்துவிட்டு ஐந்து என்று எழுதினோம். அவன் மூன்று மணிக்கு எழுந்துவிட்டு ஐந்து என்று எழுதினான். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் ‘சரி’. அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. நோட்டு மட்டும் வருஷக் கடைசிவரை அலமாரியில் இருந்தது.

பின்னாளில் நானும் வாத்தியார் ஆனேன். முப்பது வருஷத்துக்கு மேல் வளர் இளம் பிள்ளைகளோடு இருந்தேன். ‘என்னடா, ஏன் சோர்ந்து இருக்கே?’ என்று எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். ‘ஒண்ணும் இல்ல சார்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்த நாட்கள் குறைவு. பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்றே நெடுநாள் நினைத்தேன். அப்படியல்ல என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு ஜெராக்ஸ் கட்டு. உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் மகள் சைக்காலஜி படித்துக்கொண்டிருந்தாள். அவள் வைத்திருந்த கட்டுரைகளை வாங்கி இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்றொரு பேராசிரியர். ஹங்கேரியக் குடும்பத்தவர், 2021இல் காலமானார். அவரும் அவர் மாணவர் ரீட் லார்சனும் 1970களில் செய்த காரியம் இது. டாக்டர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த பேஜர் கருவியை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஒரு வாரம் கூடவே இருக்க வேண்டும். நாளில் ஏழெட்டுத் தடவை அது சத்தம் போடும். எப்போது போடும் என்று பிள்ளைக்குத் தெரியாது. சத்தம் வந்ததும் கையில் இருக்கும் சிறு புத்தகத்தில் ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். எங்கே இருக்கிறாய்? என்ன செய்கிறாய்? கூட யார்? மனசில் என்ன ஓடுகிறது? சந்தோஷமா, சோகமா, சலிப்பா, உற்சாகமா? இந்த நேரத்தில் வேறெங்காவது இருக்க ஆசையா? இரண்டு நிமிஷ வேலை. அப்படி 75 பிள்ளைகளின் வாரத்தைச் சேர்த்து வைத்து, 1984இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள்.

நேரம் தெரியாமல் இருப்பதில்தான் சூட்சுமம். ஐந்து மணிக்குக் கேட்பார்கள் என்று தெரிந்தால் ஐந்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரலாம். ராத்திரி கேட்டால் இன்னொரு சிக்கல். நாள் முடிந்த பிறகு மனசு நாளைச் சுருக்கிவிடுகிறது. கடைசியில் நடந்ததும், ரொம்ப வலித்ததும் மிஞ்சும். நடுவில் இருந்த பத்து மணி நேரம் கரைந்துவிடும். ‘ஸ்கூல் எப்படி இருந்துச்சு?’ ‘நல்லா இருந்துச்சு.’ பிள்ளை பொய் சொல்லவில்லை. நாம் கேட்கும் நேரத்தில் அந்தப் பகல் அவனிடமே இல்லை. அதனால் அது நடந்துகொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும் என்கிறது இந்த முறை.

அவர்கள் கண்டதில் ஒன்று என்னை உலுக்கியது. இந்த வயசில் மனசு உச்சத்துக்கு ஏறினாலும் பாதாளத்துக்கு இறங்கினாலும் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் சமநிலைக்குத் திரும்பிவிடுகிறதாம். பெரியவர்களுக்கு இதைவிட நேரம் பிடிக்கும். காலையில் முகம் தூக்கிவைத்திருந்த பையன் மத்தியானம் சிரித்தால் ‘எல்லாம் நடிப்பு’ என்று ஸ்டாஃப் ரூமில் பேசியிருக்கிறோம். நானும்தான் பேசியிருக்கிறேன்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று வைத்துவிடப் பார்த்தேன். அடுத்த கட்டுரை சண்டிகர். அங்குள்ள அரசு மனையியல் கல்லூரியின் சுமன் வர்மா, அதே ரீட் லார்சனோடு சேர்ந்து, எட்டாம் வகுப்புப் படிக்கும் 100 பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் அலாரம் அடிக்கும் வாட்ச் கொடுத்து ஒரு வாரம் குறிப்பெழுத வைத்திருக்கிறார். 1999இலிருந்து சில வருஷங்களுக்குள் கட்டுரைகள் வந்தன. விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு படிப்புக்கே போகிறது. படிக்கும்போது கேட்டால் சந்தோஷம் குறைவு. அதிலும் வீட்டுப்பாடத்தின்போது நிலைமை மோசம். அதிக நேரம் படித்தவர்களிடம் கவலையும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன. சரி, விளையாட்டும் பொழுதுபோக்கும் அதிகம் உள்ளவர்கள் நன்றாக இருந்தார்களா? அந்தந்த நேரத்து மனசு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படிப்பைப் பற்றிய பயம் அவர்களிடமும் கூடுதல், மதிப்பெண் குறைவு. இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி. நம் வீட்டுப் பிள்ளைகளை இதைவிடச் சரியாகச் சொன்ன வரிகளை நான் படித்ததில்லை.

மனசுக்கு ஆறுதலான ஒரு விஷயமும் உண்டு. சண்டிகர்ப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட மிக அதிக நேரம் வீட்டாரோடு இருந்தார்கள்; அந்த நேரத்தில் பெரும்பாலும் நிம்மதியாகவே இருந்தார்கள். வளர்ந்த பிள்ளை வீட்டை விட்டு விலகித்தான் தீர வேண்டும் என்று மேல்நாட்டுப் பாடப்புத்தகம் எழுதியதை இந்த வாட்ச் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த 100 பேரும் நகரத்து நடுத்தர வர்க்கம். கட்டுமரத்துப் பையன் அந்தப் பட்டியலில் வரமாட்டான். சுமன் வர்மா தெருவில் வேலை செய்து பிழைக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார் என்பது உண்மை. ஆனாலும், மூன்று மணிக்கு எழுந்தவனின் மூன்று மணியை அந்த நேரத்திலேயே யாராவது கேட்க வேண்டும்.

அரசாங்கம் நேரத்தைக் கணக்கெடுக்காமல் இல்லை. 1998-99இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. 2019இல் நாடு முழுவதும் எடுத்தார்கள், 2024இல் மறுபடியும். 6 வயசிலிருந்து எல்லோரையும் சேர்க்கிறார்கள். முந்தின நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். பெண்கள் கூலியில்லாமல் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்பது இதனால்தான் எண்ணிக்கையாக வெளியே வந்தது, பெரிய காரியம். ஆனால் அந்தப் படிவத்தில் ‘மாலை 6 முதல் 8 வரை படிப்பு’ என்றால் அதோடு முடிந்தது. அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

போன வருஷம் வீட்டிலேயே ஒன்று செய்து பார்த்தேன். தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பு. அதே வகுப்பு, அதே தெரு. அவளிடம் சொந்தமாக போன் இல்லை, அதுவே நல்லதாயிற்று. பழைய டிஜிட்டல் வாட்ச் ஒன்று இருந்தது. இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, நானே அலாரம் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் வாட்ச் சத்தம் போட்டால் ஆகாது என்பதால் சாயங்கால வேளையும் சனி ஞாயிறும் மட்டும். ஆராய்ச்சி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பிள்ளை, அதுவும் சொந்தப் பிள்ளை.

நோட்டைக் கொடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “மாமா, இத அம்மா படிப்பாங்களா?”

“நீ குடுத்தா நான் மட்டும் படிப்பேன் பாப்பா. குடுக்க இஷ்டமில்லாத பக்கத்தக் கிழிச்சிடு. ஏன்னு கேக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இந்தப் பேச்சு நடக்காமல் வாட்சைக் கட்டியிருக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன: பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது, 12 வயசைத் தாண்டிய பிள்ளையிடம் எழுத்திலேயே இசைவு வாங்க வேண்டும்.

வாரம் முடிந்து நோட்டு என் கைக்கு வந்தது. நாலு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. நான் கேட்கவில்லை. மிச்சம் இருந்ததில் ஒரு பக்கத்தை அவள் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

‘மணி 6.42. மொட்டை மாடி. டியூஷன் விட்டு வந்து பேக்கக் கூட இறக்கல. கூட யாரும் இல்ல. மனசுல என்னன்னா, ஸ்டேடியத்துல விசில் சத்தம் கேக்குது. சந்தோஷம் 2, சலிப்பு 5. வேற எங்க இருக்க ஆசை: ஸ்டேடியம்.’

வீட்டிலிருந்து உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம் நடக்கிற தூரம்தான். ஏழாம் வகுப்புவரை அங்கே ஓடிக்கொண்டிருந்தவள். எட்டாம் வகுப்பில் டியூஷன் வந்தது, ஓட்டம் நின்றது. ‘அவளே போதும்னுட்டா அண்ணே, அவளுக்கும் இஷ்டமில்ல’ என்று தங்கை என்னிடம் சொல்லியிருக்கிறாள். தங்கை வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டிருப்பாள், இவளும் ‘போதும்மா’ என்றிருப்பாள். 6.42க்கு, விசில் காதில் விழும்போது யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் வாட்ச் அடித்த சாயங்காலங்களில் மூன்றில் ‘ஸ்டேடியம்’ என்ற சொல் இருந்தது. அவளிடம் கேட்டுக்கொண்டு, அந்த மூன்று பக்கங்களை மட்டும் தங்கையிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. இப்போது புதனும் சனியும் டியூஷன் கிடையாது.

எங்கள் காலத்தில் எங்களை யாரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் கடற்கரை, உப்பாறு, துறைமுகம் என்று எங்கே போனோம் என்று வீட்டுக்குத் தெரியாது. இன்று பிள்ளை பள்ளி வாசலில் நுழைந்ததும் அம்மாவுக்கு மெசேஜ் வருகிறது. வேன் எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று போனில் தெரிகிறது. வகுப்பில் கேமரா. மார்க் வந்த நிமிஷமே அப்பாவின் கையில். போனில் எந்தப் படத்தில் விரல் நின்றது என்பதுகூட எங்கோ ஒரு கம்பெனிக்குத் தெரியும். இத்தனை கண்ணுக்கு நடுவில், ‘உனக்கு இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்கும் வாய் எத்தனை? அன்றைய சங்கு பிள்ளையை ஏவியது. இன்றைய கேமரா பிள்ளையைப் பார்க்கிறது. சண்டிகரில் கொடுத்த வாட்ச் பிள்ளையைக் கேட்டது.

அதே கருவி கேட்கவும் செய்யும், வேவு பார்க்கவும் செய்யும் என்பதால்தான் எனக்குப் பதற்றம். இப்போது வாட்ச் தேவையில்லை. போனிலேயே கேள்வி வரும், பதிலோடு பிள்ளை இருக்கும் இடமும் போய்ச் சேரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசு நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. பெற்றோர் சம்மதமில்லாமல் அவர்கள் தரவைத் தொடக்கூடாது, அவர்களைப் பின்தொடரவோ அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கவோ கூடாது என்று பொதுவிதி வைக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். என் தங்கை மகள் முதலில் பயந்தது கம்பெனியைப் பார்த்து அல்ல. அம்மா படிப்பாளோ என்றுதான். கிழித்துக்கொள்ள நாலு பக்கம் அவளுக்கு இருந்ததால்தான் மீதிப் பக்கங்களில் உண்மை இருந்தது.

ரோடியர் மில் 2020இல் ஒரேயடியாக மூடப்பட்டது. உப்பளத்தில் இப்போது எவருடைய காலையையும் சங்கு எழுப்புவதில்லை. ஆனால் கடற்கரைக் குப்பங்களில் இன்றும் விடியுமுன் எழும் பிள்ளைகள் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அந்த மாற்றம் ஒரு பிள்ளையின் சாயங்காலத்தை என்ன செய்கிறது என்பதை மார்க் ஷீட் சொல்லாது.

காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவ மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உப்பளத்துக்கும் வம்பாக்கீரப்பாளையத்துக்கும் வாருங்கள். கேள்விகளை நம் பிள்ளைகள் பேசும் தமிழில் எழுதுங்கள். பிள்ளையிடமே முதலில் இசைவு கேளுங்கள். கிழித்துக்கொள்ளப் பக்கம் விடுங்கள். விடியற்காலை மூன்று மணியையும் உங்கள் சீட்டுக் குலுக்கலில் சேருங்கள். வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.